மலையடியில் அசையும் கடல்

மிஸ்ரியாவுக்கு அந்த வேலை கிடைத்ததே முன்னால் இருந்த ஆள் பயந்துபோய் நின்றுவிட்டதால்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. அதன் பின்பக்கம், மாந்தோப்பு முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில் பத்துக்குப் பத்து அளவில் ஒரு கான்கிரீட் அறை. சன்னல் கிடையாது. அறையின் நடுவில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. குழியின் அடியில், வெறும் பாறைமேல், சோற்றுப்பானை பருமனில் ஒரு இரும்பு உருளை உட்கார்ந்திருக்கும். நிலம் அசைவதை அளக்கிற கருவி அது. எங்கோ ஜப்பானில் பூமி குலுங்கினாலும் இங்கே திரையில் கோடு எகிறும். வெளியூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அதை வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆளைக் கேட்டது. பேட்டரியைச் சோதிக்க வேண்டும், எறும்புப் பொடி தூவ வேண்டும், பதிவுகள் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றனவா என்று லேப்டாப்பில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சுடலைராஜ் என்பவர் எட்டு மாதம் அந்த வேலையைப் பார்த்தார். ஒருநாள் சாவியைக் கல்லூரி ஆபீசில் வைத்துவிட்டு, "சார், அது சும்மா இருக்கவே மாட்டேங்கு. காத்தும் இல்ல, லாரியும் இல்ல, மனுஷ நடமாட்டமும் இல்ல. யாரோ உள்ளுக்குள்ள மூச்சு விடுத மாதிரி கோடு ஏறி ஏறி எறங்குது. நான் வரல" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். திரும்பி வரவில்லை.

அப்போது மிஸ்ரியாவுக்கு முப்பத்து நாலு வயது. தென்காசியில் ஜவுளி வியாபாரம் செய்த ஆதமின் மகள். கணிதத்தில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு. தேர்வு முடிவு வந்த மாதமே கல்யாணம். புருஷன் யாசர் சார்ஜாவில் பதினோரு வருஷம் டிரைவராக இருந்துவிட்டு, கம்பெனி மூடியதும் ஊருக்கு வந்து ஒரு வேன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் பகல் நீளமாகக் கிடந்தது. கல்லூரியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுப் போட்டாள். மாமியார் பாத்திமுத்து மட்டும், "ஏட்டி, குழிக்குள்ள எறங்குத வேலையா? பொம்பளைக்கு வேற வேல இல்லையா ஊர்ல?" என்றாள். யாசர், "போகட்டும்மா, வீட்டுல இருந்து சொவத்தப் பாக்கதுக்கு அங்கன போயி சொவத்தப் பாக்கட்டும்" என்று சிரித்தான்.

முதல் வாரத்திலேயே சுடலைராஜ் சொன்னது பொய்யில்லை என்று மிஸ்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. கோடு சும்மா இருக்கவில்லை. நில நடுக்கம் எதுவும் இல்லாத நேரத்திலும் அது ஒரே சீராக ஏறியது, இறங்கியது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஐந்து விநாடி, சில நாள் ஆறு, சில நாள் எட்டு. உறங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி.

அருவியாக இருக்கும் என்று நினைத்தாள். சாரல் காலத்தில் மெயினருவி விழுகிற இரைச்சல் காலேஜ் வரைக்கும் கேட்கும். அவ்வளவு தண்ணீர் விழுந்தால் பாறை அதிராதா? அந்த எண்ணத்திலேயே அந்த வருஷத்தை ஓட்டினாள். ஆனால் மார்ச் மாதம் வந்தது. அருவி வற்றி, பாறைமேல் ஈரத் தடம் மட்டும் கிடந்தது. கோடு நிற்கவில்லை. அதே ஏற்றம், அதே இறக்கம்.

ஒரு மத்தியானம் பஸ் பிடித்து மெயினருவிக்கே போனாள். ஆள் நடமாட்டம் இல்லை. கடைகள் பாதி மூடிக் கிடந்தன. குரங்குகள் மட்டும் கம்பியில் உட்கார்ந்து பார்த்தன. காய்ந்த பாறையில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் சுட்டது. அசைவு எதுவும் தெரியவில்லை; தெரியாது என்று அவளுக்கும் தெரியும். ஒரு தலைமயிரை நூறாக வகிர்ந்தால் அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அந்த ஆட்டம். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. இந்தப் பாறையும் இப்போது ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, எதுவோ ஒன்று இதைப் பிடித்து ஆட்டுகிறது, அது தண்ணீர் விழுகிற சத்தம் இல்லை. உடம்பு கூசிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருவியைச் சரிபார்க்க அபி வருவாள். நிறுவனத்தின் என்ஜினியர், இருபத்தாறு வயது, எப்போதும் அவசரத்தில் இருப்பவள். அடுத்த தடவை வந்தபோது மிஸ்ரியா கோட்டைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

"அதுவா? அது நாய்ஸ் அக்கா. நாங்க அத வடிகட்டிட்டுத்தான் மத்தத எடுப்போம்."

"நாய்ஸ்னா சத்தம். யாரு போடுத சத்தம்?"

அபி ஸ்குரூ முறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "கடல்."

மிஸ்ரியா சிரித்துவிட்டாள். தென்காசியிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலுக்கு ஐம்பது அறுபது மைலுக்குக் குறைச்சல் இல்லை. மேற்கே போக ஒரு மலைத்தொடரையே தாண்ட வேண்டும். கடலை அவள் வாழ்க்கையில் பார்த்ததே இரண்டு முறை.

"நெஜமாத்தான் அக்கா. ஒத்த அலை மட்டும்னா ஆழத்துக்கு எட்டாது. மேலதான் ஆட்டம், கீழ போகப் போக செத்துரும். ஆனா எதிரும் புதிருமா ரெண்டு அலைக்கூட்டம் சந்திச்சா, அந்த எடத்துல தண்ணி முன்ன பின்ன போகாம நின்ன எடத்துலயே ஏறி எறங்கும். அந்த அழுத்தம் மட்டும் குறையாம அடித்தரை வரைக்கும் எறங்கும். அலை ஒரு தடவை ஆடுனா தரை ரெண்டு தடவை ஆடும். அங்கேயிருந்து பாறை வழியா இங்க வருது. இங்க மட்டுமில்ல, எங்கயும்தான். உலகத்துல கடல் ஆட்டாத தரையே கிடையாது."

சொல்லிவிட்டு அபி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். மிஸ்ரியா அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள். திரையில் கோடு ஏறியது, இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் பழைய மாதிரி இல்லை. வீட்டில் அரிசி களையும்போது கை நின்றுவிடும். தொழுகைப் பாயில் நெற்றி படும்போது, நிலம் தன்னைத் தூக்கித் தூக்கி இறக்குவது போல இருக்கும். ஒருநாள் பகலில் அடுப்படித் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தவளைப் பாத்திமுத்து பார்த்துவிட்டாள்.  மறுநாளே பொட்டல்புதூர் தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். மிஸ்ரியா மறுக்காமல் குடித்தாள். மாமியிடம் என்னவென்று சொல்வது?

பயம் போக ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது. கணக்குப் போடுவது. பதிமூன்று வருஷமாகத் தொடாத கணிதத்தைத் தூசி தட்டினாள். கடல் அலை பற்றிய பாடங்களை லேப்டாப்பில் தேடி எடுத்து வாசித்தாள். புரியாத இடத்தில் பழைய கல்லூரி நோட்டுகளுக்குப் போனாள். ஒரு வருஷத்தில் ஓரளவு பிடிபட்டது.

பிடிபட்டதும் பயம் போகவில்லை, வேறு மாதிரி ஆனது. அலையாக வருவது தண்ணீர் இல்லை என்று படித்தாள். தண்ணீர் நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றிவிட்டு அங்கேயே கிடக்கிறது. வருவது வெறும் ஆட்டம். அந்த ஆட்டமும் கூட்டமாகத்தான் வருகிறது. கூட்டத்தின் வாலில் ஒரு அலை பிறக்கிறது, கூட்டத்துக்குள்ளேயே முன்னால் ஓடி, தலைக்குப் போனதும் செத்துப்போகிறது. அலை ஓடுகிற வேகத்தில் பாதிதான் கூட்டத்தின் வேகம். செத்துச் செத்துப் பிறக்கிற அலைகளைச் சுமந்துகொண்டு கூட்டம் மட்டும் ஆயிரக்கணக்கான மைல் வருகிறது. ஆழ்கடலில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. கரைக்கு வந்ததும், ஆழமில்லாத தண்ணீரில், அது நேராகவே தரையை ஆட்டுகிறது; அப்போது அலையின் இடைவெளியும் கோட்டின் இடைவெளியும் ஒன்றுதான்.

இன்னொன்றும் படித்தாள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம். ஒரே புயலில் ஒரே நேரத்தில் கிளம்பினாலும், இருபத்திரண்டு விநாடி அலை முதலில் வந்து சேரும், இருபது விநாடி அலை பிறகு, பதினெட்டு அதற்கும் பிறகு. எவ்வளவு முன்னே பின்னே வருகின்றன என்று அளந்தால், எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன, என்றைக்குக் கிளம்பின என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். மின்னல் தெரிந்து எத்தனை விநாடி கழித்து இடி கேட்கிறது என்று எண்ணி, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வது போலத்தான்.

முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்து, ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஐந்து நாளைக்கு முன்னால் என்று விடை வந்தபோது அவள் நம்பவில்லை. பழைய வானிலைப் படங்களைத் தேடிப் பார்த்தாள். அதே நாள். அதே தூரம். தெற்கே, கப்பல்கூட அதிகம் போகாத கடலில், வெள்ளையாக ஒரு புயல் சுருண்டு கிடந்தது. யாரும் பார்க்காத ஒரு புயலை சன்னலில்லாத அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்தாகிவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தோன்றியதெல்லாம், அறையை விட்டு உடனே வெளியே வர வேண்டும் என்பதுதான். வந்து வெயிலில் நின்றாள்.

இதெல்லாம் அவளோடு மட்டும் கிடந்திருந்தால் சொல்ல ஒன்றும் இல்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததுதான் அவள் வாழ்க்கையைத் திருப்பியது.

அன்று காலை பத்தே முக்காலுக்குத் திரையில் ஒரு மெல்லிய ஆட்டம் தலைகாட்டியது. இடைவெளி இருபத்து மூன்று விநாடி. அவ்வளவு நீளமானதை அவள் அதுவரை பார்த்ததில்லை. மாலை நாலு மணிக்கு அது இருபத்திரண்டாகக் குறைந்து, தடித்திருந்தது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். ஆப்பிரிக்காவுக்கும் கீழே. முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பியது. இப்போது வந்திருப்பது முன்னோடிகள்தான். கூட்டத்தின் கனத்த பகுதி, பத்தொன்பது விநாடி அலைகள், சனிக்கிழமை பதினோரு மணிவாக்கில் தென்கரையைத் தொடும். அமாவாசையை ஒட்டிய நாள். நண்பகலுக்குப் பிறகு கடலும் ஏற்றத்தில் இருக்கும்.

அபிக்குப் போன் போட்டாள். அபி கேட்டுவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு அக்கா. கள்ளக்கடல்னு எச்சரிக்கையும் போட்டுட்டாங்க, இப்பத்தான் பாத்தேன்" என்றாள். காற்றும் மழையும் இல்லாமல், திருடன் மாதிரி சத்தமில்லாமல் ஏறிவருவதால் மீனவர்கள் வைத்த பேர் அது.

வீட்டுக்கு வந்தால் யாசர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஏதும் சவாரி இருக்கா?"

"ஜவுளிக்கடை பரீது அண்ணன் குடும்பம். பன்னெண்டு பேரு. கன்னியாகுமரிப் பக்கம் பீச்சுக்கு. என்ன விஷயம்?"

"நாளைக்கு வேண்டாம்னு சொல்லுங்க. மத்தியானம் கடல் மேல ஏறும்."

யாசர் குழாயை மூடினான். "யாரு சொன்னா?"

"நான் கணக்குப் போட்டேன். பத்தொம்பது செகண்டுக்கு ஒரு தடவ வரும். எச்சரிக்கையும் போட்டிருக்காக."

"எச்சரிக்கை வருஷம் பூரா வருது. வானத்தப் பாரு, ஒரு பொட்டு மேகம் கெடையாது. குழிக்குள்ள எறங்கி எறங்கி ஒனக்குக் கடல் கிறுக்கு புடிச்சிருச்சி மிஸ்ரியா." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "சரி, தண்ணிக்கிட்ட கவனமா இருக்கச் சொல்லுதேன். போதுமா?"

மிஸ்ரியா அதற்குமேல் பேசவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வது என்று நினைத்தாள். அந்த நினைப்பு பிற்பாடு அவளை அரித்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அறையைத் திறந்தாள். திரையில், ஆட்டத்தின் பலத்தை நிறத்தில் காட்டுகிற பட்டை செக்கச் செவேலென்று இருந்தது. அறைக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. வெளியே மாமரத்தடியில் நின்று யாசரைக் கூப்பிட்டாள்.

"கடல் எப்படி இருக்கு?"

"குளம் மாதிரி கெடக்கு. காத்தே இல்ல. புள்ளைக எல்லாம் முட்டளவு தண்ணில நிக்குதுவ." பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "ஒண்ணு மட்டும் ஒரு மாதிரி இருக்கு. இந்த ஊர் ஆளுக வள்ளத்தையெல்லாம் ரோட்டுக்கு மேல இழுத்துப் போட்டிருக்கான். ஒருத்தனையும் கரையில காணோம்."

"எனக்காக ஒண்ணு செய்ங்க. சின்ன அலையப் பாக்காதீய. கரைத் தண்ணி மொத்தமா கொஞ்சம் மேல ஏறி, திரும்பிப் போகும். அத மட்டும் பாருங்க. ஏறுன ஒடனே எண்ண ஆரம்பிங்க. அடுத்து ஏறுத வரைக்கும்."

"நான் என்ன சின்னப் புள்ளையா..."

"எண்ணுங்க."

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. எண்ணத் தொடங்கினான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." மாந்தோப்பில் காற்றில்லை. ஒரு இலை அசையவில்லை. மிஸ்ரியா காதில் போனை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். "...பதினேழு... பதினெட்டு... பத்தொம்பது." நிறுத்தினான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். மறுபடியும் பத்தொன்பதில் நின்றான்.

"இது நீ நேத்தே சொன்ன நம்பரு" என்றான். "நீ அங்கன மலையில இருந்துகிட்டு..."

"மேல ஏத்துங்க எல்லாரையும். ரோட்டுக்கு ஏத்துங்க."

போன் அவன் கையிலேயே இருந்தது, அணைக்க மறந்துவிட்டான். அவன் ஓடுவதும் கத்துவதும் கேட்டது. பரீது அண்ணன், "என்னப்பா இப்பத்தான வந்தோம்" என்று முனகுவது கேட்டது. பிள்ளைகள் அழுதார்கள். பிறகு யாசர் வேறு யாரையோ பார்த்து, "அண்ணாச்சி, நீங்களும் வாங்க, கடல் ஏறப்போவுது" என்று கூப்பிட்டான். ஒரு ஆண்குரல் சிரித்தது. "ஏறட்டுமே டிரைவரே, நனையத்தான வந்திருக்கோம்." கூட ஒரு பெண்ணும் சிரித்தாள். தெளிவான சிரிப்பு. மிஸ்ரியா அதைக் கேட்டாள்.

சில நிமிஷம் கழித்து, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். அதோடு போன் அறுந்தது.

திரும்பத் திரும்பப் போட்டாள். மணி அடிக்கவில்லை. அறைக்குள் போனாள். குழியில் உருளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. திரையில் கோடு நிதானமாக ஏறியது, இறங்கியது. அவசரமே இல்லை அதற்கு. முக்கால் மணி நேரம் அவள் வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தாள்.

தெரியாத நம்பரிலிருந்து யாசர் கூப்பிட்டான். "நம்ம ஆளுக பன்னெண்டு பேரும் மேல இருக்காக. வேன்ல பாதிக்குத் தண்ணி. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பக்கத்துல ஒரு வண்டி நின்னுச்சு. அதுல வந்த ஒரு பொண்ணு... நம்ம கண்ணு முன்னாலயே, மிஸ்ரியா. காத்து இல்ல. வெயிலு அடிக்கி. தண்ணி பாலு பொங்குத மாதிரி அப்படியே மேல வந்திச்சு."

அவர்கள் பாவூர்சத்திரத்து ஆட்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் பேர் ஸ்ரீமதி. வயது முப்பத்தொன்று. மறுநாள் மீனவர்கள்தான் உடலை எடுத்துக் கொடுத்தார்கள்.

தென்காசியில் செய்தி பரவியது. பரீது குடும்பம் பள்ளிவாசல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. கடைக்குப் போனால் பெண்கள் மிஸ்ரியாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். சிலர் மகளுக்கு வரன் அமையுமா என்றுகூடக் கேட்டு வந்தார்கள். பாத்திமுத்து அவர்களை வாசலிலேயே மறித்து, "அவ படிச்சிட்டு சொன்னா. குறி சொல்லுதவ இல்ல, போங்க" என்று அனுப்பினாள். யாசர் அதிகம் பேசுவதை நிறுத்தியிருந்தான். சாப்பிடும்போது திடீரென்று தலையைத் தூக்கி, "இப்ப எத்தன?" என்று கேட்பான். மிஸ்ரியா, "எட்டு" என்பாள். சரியென்று சாப்பிடுவான்.

மூன்று வாரம் கழித்து ஒரு பகலில், கல்லூரி வாட்ச்மேன் ஒரு ஆளை மாந்தோப்பு வழியாகக் கூட்டிவந்தார். ஒல்லியான உடம்பு, தாடி, சட்டையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

"நான் ரவி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல டெம்போ ஓட்டுதேன். ஸ்ரீமதி எங்க வீட்டுக்காரி."

மிஸ்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு எங்களையும் கூப்பிட்டாரு. நாந்தான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா, நான் சிரிச்சதப் பாத்து. அது என் பாடு. அதுக்கு நான் வரல." திரையை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எல்லாத்தையும் கணக்குல சொல்லுவீயளாம். அது எங்கன பொறந்துச்சு? எப்பம்? அது மட்டும் தெரியணும்."

சொல்லக்கூடாது என்றுதான் அவளுக்குப் பட்டது. ஆனால் அந்த ஆள் அதற்காகவே வந்து நின்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்து, அடியில், நீலம் மட்டும் இருந்த ஓரிடத்தைக் காட்டினாள்.

"இங்க, அண்ணாச்சி. அன்னைக்கு இங்க ஆளுக யாரும் இல்ல. கப்பலும் இல்ல. அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம, நம்ம நேரத்துக்கு மத்தியானம் ரெண்டரை மணிவாக்குல."

ரவி வெகுநேரம் அந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம மார்க்கெட்டு லீவு" என்றார், யாரிடமோ சொல்வது போல. "மதியம் கறி எடுத்திருந்தோம். சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து உக்காந்தா. டிவில எதுவோ கடல் காட்டுனான். 'ஏங்க, வார சனிக்கெழம கடலுக்குப் போவோமா, கல்யாணம் ஆகி ஒரு தடவகூடக் கூட்டிட்டுப் போகலையே'ன்னு கேட்டா. நான் சரின்னேன். மணி ரெண்டு ரெண்டரை இருக்கும், அக்கா. அந்தப் படம் ரெண்டு மணிக்குத்தான் போட்டான்."

மிஸ்ரியாவுக்குப் பிடரி மயிர் நின்றது. நாள்தோறும் எங்கேயோ புயல் அடிக்கிறது, நாள்தோறும் யாரோ கடலுக்குப் போகலாம் என்கிறார்கள், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவளுடைய படிப்பு சொன்னது. உடம்பு கேட்கவில்லை. ஸ்ரீமதி 'போவோமா' என்று கேட்ட நேரத்தில் அது அங்கே எழுந்து புறப்பட்டு, ஆறு நாள் இராப்பகலாக, அவள் சேலை எடுத்துவைக்க, புளிச்சோறு கட்ட, வண்டி பேச, வந்துகொண்டே இருந்திருக்கிறது.

"நான் வெள்ளிக்கெழமையே தெரிஞ்சு வச்சிருந்தேன் அண்ணாச்சி" என்றாள். மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "எங்க வீட்டுல மட்டும் சொன்னேன். வெளிய சொல்லல. சிரிப்பாகன்னு சொல்லல."

ரவி தலையை நிமிர்த்திப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். "சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்" என்றார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். வாசலில் நின்று கேட்டார்: "மறுபடி அது மாதிரி வந்தா எனக்கு ஒரு போன் போடுவீயளா?"

போட்டாள். மே மாதம் ஒரு தடவை. ஆகஸ்டில் ஒரு தடவை. அடுத்த மார்ச்சில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ரவி ஒரே கேள்விதான் கேட்டார், எத்தனை மணிக்கு என்று. பிறகு போனை வைத்துவிடுவார். அந்த நாட்களில் அவர் லோடு எடுப்பதில்லை, காலி டெம்போவோடு தெற்கே போகிறார் என்று மார்க்கெட் ஆட்கள் மூலம் யாசர் கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

"எதுக்குப் போறாரு?" என்றாள் மிஸ்ரியா.

"யாருக்குத் தெரியும்? அந்த எடத்துக்குத்தான் போறாராம்."

மிஸ்ரியா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். யாரையும் தடுப்பதற்குப் போகிறாரா, போனவளோடு சேர்வதற்குப் போகிறாரா? தான் சொல்கிற மணிக்கு அந்த மனுஷன் போய் அங்கே நிற்கிறார் என்றால், தான் அவரைக் கடலுக்கு அனுப்புகிறோமா?

ஏப்ரலில் மறுபடி வந்தது. இருபத்தொரு விநாடி. போனைக் கையில் எடுத்து ரவியின் பேரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் விட்டதன் பலனை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. போட்டுச் சொன்னாள். பிறகு வீட்டுக்கு வந்து யாசரிடம், "நாளைக்கு வண்டிய எடுங்க. நானும் வாரேன்" என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். வானம் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. சின்னக் கடற்கரை, ரோடு வந்து மணலில் முடிகிற இடத்தில் டெம்போ குறுக்கே நின்றது. அதன் முன்னால் ரவி, கையில் ஒரு சிவப்புத் துணி. நிலத்தைப் பார்த்து நின்றார். கடலுக்கு முதுகு காட்டி.

இரண்டு கார்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு குடும்பம் அவரோடு மல்லுக்கட்டியது. "நீ யாருய்யா எங்கள மறிக்க?" என்று ஒருவன் கத்தினான். ரவி கத்தவில்லை. "என் வீட்டுக்காரி இங்கனதான் போனா. இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்க. ஒண்ணும் வரலைன்னா என்ன அடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர்கள் முணுமுணுத்தபடி மேட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

மிஸ்ரியா வேனை விட்டு இறங்கினாள். இத்தனை நாள் கோடாக அளந்த கடலை முதல்முறையாக நேரே நின்று பார்த்தாள். எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அதன் முழுப் பரப்பும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, மெல்ல மேலே வந்தது, மெல்லக் கீழே போனது. மலையடியில் சன்னலில்லாத அறையில் மூன்று வருஷத்துக்கு மேலாகப் பார்த்த அதே ஏற்றம், அதே இறக்கம். இது தன்னை அறியும் என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. உடனே கால் இரண்டடி பின்வாங்கியது.

"அண்ணாச்சி" என்றாள் ரவியின் பக்கத்தில் போய். "நீங்களும் மேட்டுக்கு வாங்க."

"பின்னாடி எங்கன வந்திருக்கு, அக்கா?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "நான் பாக்கதில்ல. பாத்தா கால் அங்க போகும். அதான் இப்படியே நிக்கது."

"மணல் பாதி நனைஞ்சிருச்சு."

"ரோட்டுக்கு வந்தா சொல்லுங்க."

அவள் அவருக்கு எதிரில், கடலைப் பார்த்து நின்றுகொண்டாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கடல் எங்கே இருக்கிறது என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டார் என்று யாசர் பிற்பாடு சொன்னான். பதினொன்றே காலுக்குத் தண்ணீர் இரைச்சல் இல்லாமல் எழுந்து மணல் முழுவதையும் மூடியது. மேட்டில் உட்கார்ந்திருந்த குடும்பம் எழுந்து நின்றது. அடுத்தது ரோட்டின் ஓரத்தைத் தொட்டது. மிஸ்ரியா ரவியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வந்தார். மேட்டில் ஏறிய பிறகும் திரும்பவில்லை. டெம்போவின் சக்கரம் பாதி முங்கியது.

இரண்டு மணிக்கெல்லாம் கடல் தன் இடத்துக்குப் போய்விட்டது. ரோட்டில் பாசியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. யாருக்கும் ஒரு கீறலில்லை. மல்லுக்கட்டிய ஆள் வந்து ரவியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

யாசரும் ரவியும் டெம்போவைத் தள்ளி மேட்டில் ஏற்றினார்கள். என்ஜினில் தண்ணீர் புகவில்லை. மீனவர் குடிசை ஒன்றிலிருந்து ஒரு பெண் மூன்று டம்ளரில் பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். ரவி குடித்தார். "இதுக்கு முன்ன மூணு தடவ வந்தேன். ஒருத்தன்கூட நிக்கல, அடிக்க வந்தான். இன்னைக்குத்தான் நின்னானுவ" என்றார். பிறகு, "அடுத்த தடவையும் வாரீயளா அக்கா? முன்னால நிக்க ஒரு ஆள் வேணும்" என்று கேட்டார்.

மிஸ்ரியா யாசரைப் பார்த்தாள். யாசர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வருவா" என்றான்.